தண்ணீருக்குள் பேச முடியாது

பிப்ரவரி 9, ஞாயிறு

போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். கடலைப் பார்ப்பதற்காக இவ்வளவு தூரம் வந்தவர்கள், கப்பலுக்குள் பாட்டைப் போட்டுக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி ஆடினார்கள். என் வயதுக்காரர் ஒருவர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இடுப்பை அசைத்தார். அவர் மனைவி அதைப் படம் பிடித்தாள். இவர்களுக்கும் ஓட்டுரிமை இருக்கிறது.

விடுதியில் இறங்கியதும் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் போடுவதுபோல ஆளுக்கொரு சிப்பி மாலை போட்டார்கள். என் மனைவி சிரித்துக்கொண்டே குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் கையில் வாங்கிப் பைக்குள் போட்டேன். இங்கே குடிசைகளுக்கெல்லாம் கடல் பிராணிகளின் பெயர். டால்பின், ஆமை, நட்சத்திர மீன். எங்களுக்கு வாய்த்தது கடல் அட்டை.

இந்தப் பயணம் என் யோசனை அல்ல என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பெங்களூரில் இருக்கும் மகன் நாயகத்தின் ஏற்பாடு. கல்யாண நாள் பரிசு என்றான். எங்கள் கல்யாண நாள் ஆனி மாதம். சென்னை விமான நிலையத்தில் இருந்தபோது போனில், "அப்பா, அங்க போயாவது அம்மாட்ட கொஞ்சம்…" என்று ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மிச்சம் காதில் விழவில்லை. நான் திருப்பிக் கேட்கவும் இல்லை.

இவளுக்கு முழங்கால் வலி. அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டில் தங்கி எண்ணெய் வைத்தியம் பார்த்துக்கொண்டு, ஐந்து மாதம் கழித்துப் பொங்கலுக்குத்தான் திருநெல்வேலிக்குத் திரும்பினாள். வைத்தியர் யார் என்று கேட்டால் பெயர் மறந்துவிட்டது என்கிறாள். ஆனாலும் நல்ல வைத்தியராகத்தான் இருக்க வேண்டும். இன்று கப்பல் ஏணியில் எனக்கு முன்னால் ஏறினாள்.

பிப்ரவரி 10, திங்கள்

ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்தவன் நான். ஒரு வகுப்பறைக்குள் நுழைந்ததும் எங்கே கோணல் என்று தெரிந்துவிடும். இந்தக் கடற்கரையைப் பார்க்க அந்த அனுபவம்கூடத் தேவையில்லை. வளர்ந்த மனிதர்கள் மணலில் குழி தோண்டி, அதற்குள் தங்களையே கழுத்து வரை புதைத்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, பிறகு குளிக்கப் போகிறார்கள். வெயிலில் கறுப்பதற்காக எண்ணெய் பூசிய வெள்ளைக்காரர்களுக்கு அடுத்த பாயில், கறுக்காமல் இருக்கக் களிம்பு பூசிய நம் ஊர்க்காரர்கள். இரண்டு தென்னைக்கு நடுவில் வலைத்தொட்டில் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு ஆள் காலையிலிருந்து கிடக்கிறான். உழைத்துக் களைத்த முகமாகத் தெரியவில்லை.

கப்பலில் இடுப்பை அசைத்தவரும் இங்கேயேதான் தங்கியிருக்கிறார். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம். பெயர் ரத்தினசபாபதி, மனைவி பூங்கோதை. கேட்காமலே எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க சார், தண்ணிக்குள்ள எறங்கலீங்களா?"

"இல்லை."

"சும்மா ஒரு மெதப்பு மெதந்து பாருங்க. ஒடம்பு பஞ்சாட்டம் ஆயிருமுங்க."

பஞ்சு தண்ணீரில் மிதக்காது, ஊறிவிடும் என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார். எதற்கும் சிரிக்கிற ஜாதி.

கடல் விளையாட்டுகளுக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். ஜெனிட்டா, தூத்துக்குடிக்காரி. முப்பது வயதிருக்கும். முடியைக் கிராப் வெட்டியிருக்கிறாள். யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று கேட்டாள். இவள் கையைத் தூக்கினாள்.

தவறுதலாகத் தூக்கிவிட்டாள் என்று நினைத்து, "கையை எறக்கு" என்றேன்.

"தெரியும் எனக்கு. ஆத்துல பழகுனது. எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளையெல்லாம் அக்கரைக்குப் போய்ட்டு வருவோம்."

"முப்பத்தி நாலு வருஷமாச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கல்லியே."

எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் இதையெல்லாமா விசாரிப்பார்கள்?

பிப்ரவரி 11, செவ்வாய்

இட்லி என்று ஒன்று கொடுத்தார்கள்.

பிறகு மாங்குரோவ் காட்டுக்குள் ஓடும் ஓடையில் சிறு படகுப் பயணம். மஞ்சள் பிளாஸ்டிக்கில் செய்த நீண்ட தொட்டி அது. ஆளுக்கொரு துடுப்பு. இவளும் பூங்கோதையும் ஒரு தொட்டியில் ஏறிக்கொண்டார்கள். நான் கரையில் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். அந்தச் சேற்று நாற்றத்துக்கு மனிதர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். அதே நாற்றம் எங்கள் ஊர் வாய்க்காலில் வீட்டு வாசலுக்கே வருகிறது.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் விடாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஓடை முழுக்க எதிரொலித்தது. யாரோ வடநாட்டுக்காரி, கூச்சமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படகு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, இவள்தான். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்ததில் இரண்டு பேரும் வேருக்குள் போய் மாட்டிக்கொண்டார்களாம். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். உடனே நிறுத்திவிட்டாள்.

பூங்கோதை இவளை "வடிவக்கா, வடிவக்கா" என்று கூப்பிடுகிறாள். சண்முகவடிவு என்ற நல்ல சைவப் பெயரை இரண்டே நாளில் நறுக்கியாயிற்று.

பிப்ரவரி 12, புதன்

வேடிக்கைக்குச் சொன்ன ஒரு வார்த்தையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்காரக் கூடாது.

நடந்தது இதுதான். மீன் பார்க்கப் போவதற்காக இவள், கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் கறுப்பு நீச்சலுடை ஒன்றைப் பூங்கோதையிடம் வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஐம்பத்தாறு வயது. மூக்கை மூடும் கண்ணாடியை மாட்டி, வாயில் குழலை வைத்துக்கொண்டு, குப்புறப் படுத்து இரண்டு மணி நேரம் கடலில் கிடந்தாள். திரும்பி வந்து, ஈரம் காயாமலே மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி மீன் கதை. நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட மீனாம். பாறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததாம். ரத்தினசபாபதி பெரிய மகாபாரதம் கேட்பதுபோல வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எட்டிப் பாக்காம என்ன செய்யும்? தார்ப்பாயில கட்டுன அரிசி மூட்டை ஒண்ணு தலைக்கு மேல மெதந்தா மீனுக்கும் பயம் இருக்கும்லா."

யாரும் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கும் ரத்தினசபாபதிகூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பூங்கோதை தன் தட்டைப் பார்த்தாள். ஜெனிட்டா பக்கத்து மேசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்; பெரியவர்களை அப்படிப் பார்ப்பது என்ன பழக்கமோ.

இவள் தட்டில் மிச்சமிருந்த சப்பாத்தியைச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவினாள். அறைக்குப் போய்ச் சேலை கட்டிக்கொண்டு வந்து, சாயங்காலம் வரை தென்னை நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

நல்லது. இந்த வயதில் இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் சளி பிடிக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

காலைக் காப்பிக்குப் பிறகு இவள் சொன்னாள்: "சென்னையில எறங்கி, நான் பூங்கோதை கூட ஈரோட்டுக்குப் போவுதேன்."

"எதுக்கு?"

"கூப்பிடுதாங்க. நாலஞ்சு நாள் இருந்துட்டு, அங்கயிருந்து அண்ணன் வீட்டுக்குப் போய்க்கிடுதேன்."

"முழங்காலா?"

காலி டம்ளரைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "ஆமா. முழங்கால்தான்" என்றாள்.

"எவ்வளவு நாள்?"

"வலி தீருத வரைக்கும்."

உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். எண்ணெய் வைத்தியத்தைப் பாதியில் விட்டால் வலி திரும்ப வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். யாரிடம் கேள்விப்பட்டேன் என்பது நினைவில்லை.

நாயகம் போன் செய்தான். வானிலை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

சாயங்காலம் விடுதிக்காரர்கள் கடற்கரையில் கைப்பந்து வலை கட்டினார்கள். ரத்தினசபாபதி பந்தைக் காலால் உதைத்துவிட்டு, வென்றதாகச் சொல்லிக்கொண்டார். சரியான கோமாளி. அவர் மனைவி அவரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அது எப்படிச் சலிக்காமல் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

காதலர் தினமாம். விடுதி முழுக்கச் சிவப்பு இதய பலூன்கள். காலையிலேயே பாதி பலூன்கள் வெயிலில் வெடித்தன. மிச்சத்தைக் காக்கைகள் பார்த்துக்கொண்டன.

செல்போன் கெட்டுவிட்டது. கண்ணாடியின் ஒரு கால் உடைந்துவிட்டது. அதற்கான காரணத்தை, பின்னால் யாரும் வேறு மாதிரிச் சொல்வதற்கு முன்னால், நானே எழுதி வைக்கிறேன்.

பத்து மணிவாக்கில் குழல் மாட்டிக்கொண்டு மீன் பார்க்கும் கும்பல் கடலுக்குள் இறங்கியது. எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. இவளும் போனாள். புதன்கிழமைக்குப் பிறகு போகமாட்டாள் என்று நினைத்திருந்தேன். குடை நிழலிலிருந்து பார்த்தால் ஆரஞ்சுப் புள்ளிகள் மட்டும்தான் தெரியும், யார் எவர் என்று தெரியாது. ஒரு புள்ளி கும்பலிலிருந்து பிரிந்து, எல்லைக்காகக் கட்டியிருந்த கயிற்றையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குப்புறக் கிடந்தது. கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை.

கரைக் காவலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் இந்தியில் ஏதோ சொல்லிப் பாக்கை மென்றான். அரசாங்கம் இப்படிப்பட்டவர்களையா வேலைக்கு வைக்கிறது?

இந்தக் கடற்கரையின் சரிவு ஏமாற்றுச் சரிவு. வெகுதூரம் முழங்காலளவே இருந்துவிட்டு, திடீரென்று கழுத்துக்கு வந்துவிடுகிறது. அப்படித்தான் தண்ணீர் என் கழுத்துக்கு வந்தது. நான் பேன்ட், சட்டை, செருப்போடு இருந்தேன். ஒரு அலை கண்ணாடியைத் தட்டிவிட்டது. வாய்க்குள் போன உப்பைத் துப்பினேன். அந்த நேரத்தில் கொஞ்சம் சத்தமும் போட்டிருக்கிறேன்.

அப்போது பின்னாலிருந்து, "ஏங்க" என்று குரல் கேட்டது.

திரும்பினேன். இவள் கரையில் நின்றுகொண்டிருந்தாள், கையில் இளநீரோடு. மீன் பார்க்கும் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்குகிறது, வேறு மாற்றலாம் என்று எப்போதோ கரையேறி வந்துவிட்டாளாம். இளநீரை மணலில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் வந்து, என் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனாள். பெரிய பலம்தான். ஆற்றில் அக்கரைக்குப் போய்வந்த பலம்.

கயிற்றைத் தாண்டி மிதந்தது ரத்தினசபாபதி. பாறையடியில் ஒரு விசித்திர மீனைப் பார்த்ததால் அசையாமல் கிடந்தாராம். காது தண்ணீருக்குள் இருந்ததால் எதுவும் கேட்கவில்லையாம். ஜெனிட்டா போய்க் காலைப் பிடித்து இழுத்து வந்தாள். வந்ததும் என் கோலத்தைப் பார்த்து, "அட, சாரும் எறங்கீட்டீங்களா, சந்தோசமுங்க" என்றார்.

அறையில் எனக்குத் துண்டைக் கொடுத்துவிட்டு இவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னத்துக்கு உள்ள போனிய?"

"சரிவு எப்படியிருக்குன்னு பாக்க."

"என் பேரச் சொல்லிக் கூப்பிட்டிய."

"இல்லையே."

"கரை பூராக் கேட்டுச்சு. வடிவு வடிவுன்னு. நீங்க 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவிய, 'ஏய்'னு கூப்பிடுவிய. யாரையோ கூப்பிடுதாகன்னு மொதல்ல நான் திரும்பக்கூட இல்ல."

கடல் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குக் காலம்பற ஜெனிட்டா அடியில கூட்டிட்டுப் போவுதா. நீச்சல் தெரியாதவகளும் வரலாமாம். வாரியளா?" என்று கேட்டாள். கடலடியில் என்ன பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் நேரில் பார்ப்பது நல்லது. வருகிறேன் என்றேன்.

ஈரோடு பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிப்ரவரி 15, சனி

முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பாடம் நடத்தினார்கள். முதுகில் காற்று உருளை, வாயில் ரப்பர்க் குழாய். மூக்கால் மூச்சுவிடக் கூடாது, வாயால்தான் விட வேண்டும். பிறந்ததிலிருந்து செய்துவந்த காரியத்தை மாற்றச் சொல்கிறார்கள். முதல் தடவை தலையை முக்கியதும் குழாயைத் துப்பிவிட்டு மேலே வந்தேன். இரண்டாம் தடவையும் அப்படியே. இது மனிதர்களுக்கானது அல்ல என்று ஜெனிட்டாவிடம் சொன்னேன்.

"சார், நீங்க பேசிட்டே மூச்சு விடுதீங்க. அதான் தெணறுது. குழாயக் கடிச்சிக்கிட்டுச் சும்மா இருங்க. தண்ணிக்குள்ள பேச முடியாது சார்."

அதனால்தான் கை சைகைகள். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் வளையம் சேர்த்தால் எல்லாம் சரி. கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. இன்னும் இரண்டு மூன்று சொன்னாள். அவள் பாடம் நடத்தும் முறையில் குறைகள் இருந்தன. அவற்றைக் கவனித்துக்கொண்டிருந்ததில் சில சைகைகளை விட்டுவிட்டேன்.

மூன்றாம் தடவை இவள் வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெனிட்டா பின்னாலிருந்து உருளையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கினோம்.

சத்தமே இல்லை. என் மூச்சு மட்டும் உலைத்துருத்தி மாதிரிக் கேட்டது. காது வலித்தது, மூக்கைப் பிடித்து ஊதியதும் விட்டது. பச்சையும் ஊதாவுமாக ஒரு மீன், பாறையைக் கடித்துத் தின்று, பின்பக்கமாக மணலாக விட்டுக்கொண்டு போனது. இந்தத் தீவில் உருப்படியாக வேலை செய்யும் ஒரே பிராணி அதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். குமிழிதான் வந்தது. ஒரு வெள்ளைக்காரன் தலைகீழாக நீந்திப் போனான். அவனைப் பற்றியும் சொல்ல இருந்தது. அதுவும் குமிழியாகப் போயிற்று. அதற்குப் பிறகு சொல்ல வருவது நின்றுபோனது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

ஓரிடத்தில் இவள் கையை அழுத்தி நிறுத்தினாள். பாறையில் பெரிய சிப்பி ஒன்று வாயைத் திறந்துகொண்டு ஒட்டியிருந்தது. உதடு முழுக்க நீலம், மயில் கழுத்து நீலம். இவள் தன் கையின் நிழலை அதன்மேல் விட்டாள். பட்டென்று மூடிக்கொண்டது. நிழலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திறந்தது. இவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாகத் தெரிந்தது. தண்ணீருக்குள் எல்லாமே பெரிதாகத் தெரியுமாம், அது கண்ணாடியின் தன்மை.

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

இவர்கள் சட்டத்தில் அதற்கு அர்த்தம், 'என்னை மேலே கொண்டு போ' என்பது. நான் விட்டுவிட்ட சைகைகளில் அதுவும் ஒன்று. ஜெனிட்டா அந்த நிமிடமே என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்னும் பாதிக் காற்று மிச்சமிருந்தது.

மேலே வந்து குழாயை எடுத்ததும், "என்ன சார், பயந்துட்டீங்களா? மூச்சு முட்டுதா?" என்றாள்.

இல்லை என்றேன்.

இவள் பக்கத்தில் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். மூக்கைச் சுற்றி ரப்பர் பதிந்த தடம். "நல்லாருக்குன்னு சொன்னியளா, மேல போவணும்னு சொன்னியளா?"

"மேல போகணும்னுதான்."

சிரித்தாள். அன்றைக்கு ஓடையில் கேட்ட அதே சிரிப்பு. வாயில் உப்புத் தண்ணீர் போய் இருமி, இருமிக்கொண்டே சிரித்தாள். பிறகு, அலையில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்: "கல்யாணமான நாள்லயிருந்து உங்க கூட எங்கெங்கயோ போயிருக்கேன். இன்னைக்குத்தான் நிம்மதியாப் போய்ட்டு வந்திருக்கேன்."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று படகில் யோசித்தேன். அறையில் யோசித்தேன். சாப்பாட்டு மேசையில், அனுபவம் எப்படி என்று ரத்தினசபாபதி கேட்டார். பரவாயில்லை என்றேன். மேலே எதுவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழும்பூர் ரயில் நிலையம். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

விமானத்தில் இவள் ஜன்னலோரம். சென்னையில் இறங்கி, பெட்டிகள் வரும்வரை நால்வரும் நின்றோம். ரத்தினசபாபதி ஒவ்வொரு பெட்டியையும் தன்னுடையது என்று எடுத்துத் திருப்பி வைத்தார். ஒரு தடவை நானும் சிரித்திருக்கிறேன் போல. பூங்கோதை என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அவர்கள் சென்ட்ரலுக்குப் போக டாக்சி பிடித்தார்கள். நான் எழும்பூருக்கு வர வேண்டும். இவள் பெட்டியும் டாக்சியில் ஏறிவிட்டது. ஈரோட்டுக்குத்தான் போகிறாள். அதில் மாற்றம் எதுவும் இல்லை. இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"மாத்திரைய வெறும் வயித்துல போடாதீங்க" என்றாள்.

"சரி."

"அண்ணன் வீட்டுக்குப் போன பொறவு போன் செய்யுதேன்."

"சரி."

எதிரில் நின்றாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, முகம் கறுத்து, உப்பில் முடி தேங்காய் நார் மாதிரி நின்றது. அந்தக் கோலத்தைப் பற்றி என்னிடம் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருந்தன. இரண்டும் நல்ல வாக்கியங்கள். அவளும் அதற்குத்தான் நின்றாள் என்று நினைக்கிறேன். பஸ் வரும் திசையைப் பார்ப்பதுபோல என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல வடிவு."

டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். "போய்ட்டு வாரேன்" என்று சொல்லி ஏறினாள். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். சாவு வீட்டைத் தவிர மற்ற எல்லா வாசலிலும் சொல்கிற வார்த்தை. அதற்குத் தனி அர்த்தம் எதுவும் கிடையாது.

வண்டி நகர்ந்து, நாலு அடி போய் நின்றது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"வாரேன்" என்றாள்.